மாப்பிள்ளை நெற்றிச் சிவப்பு

கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் ஒரு கார் சுவரில் மோதி, நசுங்கி, நின்றுவிடும். அந்த ஒரு சிமிட்டலை எடுத்து, பரோட்டா மாவை வீசி விரிப்பதுபோல விரித்து, பத்துப் பன்னிரண்டு நொடி ஓடும்படி காட்டுவதுதான் சுகப்பிரியாவின் வேலை.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு கிளைப்பாதையின் கடைசியில் இருந்தது அந்தப் பரிசோதனைக்கூடம். புதிதாக வரப்போகும் கார்களை ஜனங்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் அங்கே கொண்டுவந்து மோதவிட்டுப் பார்ப்பார்கள். நீளமான ஷெட். நடுவில் ஒரு தண்டவாளப் பள்ளம். அதற்குள் ஓடும் இரும்புக் கம்பி காரை இழுத்துக்கொண்டு போய், கடைசி நொடியில் விட்டுவிடும். எதிரே கான்கிரீட் சுவர். சுற்றிலும் கல்யாண வீட்டு வெளிச்சத்தைப்போலப் பத்து மடங்கு வெளிச்சம். ஒரு நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் கேமராக்களுக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கேமராவின் கண் திறந்திருக்கும். அதற்குள் உள்ளே வருகிற வெளிச்சம் போதவில்லை என்றால் எல்லாம் இருட்டாகத்தான் விழும்.

நேரில் பார்த்தால் மோதல் என்பது வெறும் சத்தம். "டமார்" என்று நெஞ்சுக்குள் விழும் ஓர் அடி. அவ்வளவுதான். ஆனால் சுகப்பிரியாவின் திரையில் அதே மோதலுக்குச் சத்தமே கிடையாது. பானெட் பட்டுப்புடவையை மடிப்பதுபோல மெல்ல மடியும். உடைந்த கண்ணாடி மணிமணியாகக் கிளம்பி, எங்கே போவதென்று முடிவெடுக்காததுபோல மிதக்கும். ஸ்டீயரிங்கின் நடுவே ஒரு வெள்ளை மொட்டு வெடித்து, ஏர்பேக் நிலவு மாதிரி உப்பி எழும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் டம்மி, அந்த ஆள் உயரப் பொம்மை, தூக்கத்தில் தலை சாய்ப்பவன்போல அந்த நிலவின்மேல் முகத்தை வைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அறையில் படுத்துக் கண்ணை மூடினால் சுகப்பிரியாவுக்கு இதுதான் வரும். பயமாக இருந்ததில்லை. தண்ணீருக்கடியில் நடக்கிற ஊர்வலம்போல இருக்கும்.

அந்தத் திரையில் ஓடிய மென்பொருள் அவளே எழுதியது. கூடத்தில் முன்பு வைத்திருந்தது பழைய கணினிகளில் திணறியது. உள்ளே என்ன நடக்கிறதென்று திறந்து பார்க்கவும் வழியில்லை. அவள் கணினிகளில் லினக்ஸைப் போட்டாள். லினக்ஸ் என்பது கணினிக்குள் எல்லாவற்றையும் ஓட்டுகிற, மூடிவைக்காத இயந்திரம். எந்தப் பல்சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். அதன்மேல் ஓடும்படி, எல்லாக் கேமராவின் படங்களையும் ஒரே தாளத்தில் காட்டும் ஒரு நிரலை எழுதி, அதற்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தாள். அதன் மூல வரிகளையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டாள். எங்கெங்கோ இருப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பரதநாட்டிய அடவைப் பார்க்க ஒருவர், பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் பார்க்க ஒருவர். மார்த்தாண்டத்தில் ஜெர்சி என்று ஒரு பெண், தேனீ வளர்ப்பவள், தேனீயின் சிறகைப் பார்க்க.

நிதானத்தில் சுகப்பிரியாவுக்கு ரொம்பப் பெருமையான ஒரு வேலைப்பாடு இருந்தது. அவ்வளவு வேகமாக எடுக்கும் படங்களில் பொட்டுப் பொட்டாக அழுக்கு விழும். ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதை அகற்ற ஒரு மெருகு. திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் அடுத்தடுத்த மூன்று படங்களைக் கேட்கும். இரண்டு படம் "இங்கே கறுப்பு" என்று சொல்லி, ஒன்று மட்டும் "இல்லை, வெள்ளை" என்றால், அந்த ஒன்றை நம்பாமல் தள்ளிவிடும். மூலப்படங்களைத் தொடாது, காட்டும்போது மட்டும். அந்த மெருகுதான் மோதலைக் கனவாக்கியது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, டம்மிக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது.

டம்மியை அங்கே எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். புதுக் காரில் உட்கார்ந்து, முகத்தில் பூசிக்கொண்டு போகிறவனை வேறெப்படிக் கூப்பிடுவது? பூச்சு விளையாட்டுக்கு இல்லை. நெற்றிக்குச் சிவப்பு, மூக்குக்குப் பச்சை, தாடைக்கு மஞ்சள், முழங்காலுக்கு நீலம். மோதிய பிறகு காருக்குள் எங்கே எந்த நிறம் ஒட்டியிருக்கிறதோ, அங்கே அந்த உறுப்பு தட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஏர்பேக்கில் சிவப்பு ஒட்டினால் நல்லது. டாஷ்போர்டின் கடினமான பிளாஸ்டிக்கில் சிவப்பு ஒட்டினால், அந்த இடத்தில் ஒரு மனுஷனின் நெற்றி உடைந்திருக்கும்.

பூசுகிற வேலை பாண்டிச்செல்வியுடையது. தென்காசிப் பக்கத்துக்காரி. சுகப்பிரியா வள்ளியூர். இரண்டு பேரும் ஒரகடத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

"இன்னாம்மா, மாப்ளைக்கு மேக்கப் முடிஞ்சுதா இல்லியா? முகூர்த்தம் தாண்டிக்கினு கீது" என்று கம்பி இழுக்கும் மோட்டார் பக்கத்திலிருந்து பலராமன் கத்தினார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒவ்வொரு மோதலுக்கு முன்னாலும் கான்கிரீட் சுவருக்கு ஒரு கற்பூரம் காட்டுவார். உடையப் போவது கார்தானே, சுவருக்கு எதற்கு என்று கேட்டால், "காருக்கு எவனாவது காட்டுவான். சுவத்துக்கு யாரு கீறா?" என்பார்.

"பொண்ணு வீட்டுக்காரரு கொஞ்சம் பொறுங்க. நல்லா இருக்கணும்லா" என்றாள் பாண்டிச்செல்வி, திரும்பாமலே. அவள் கை வழக்கத்தைவிட மெதுவாக நெற்றியில் அழுத்தி அழுத்திப் பூசுவதைச் சுகப்பிரியா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். ஒன்றும் நினைக்கவில்லை.

கார் ஓடியது. டமார். ஏர்பேக் மடிப்புகளில் தூவியிருந்த மாவு புகைபோல எழுந்து அடங்கியதும் எல்லோரும் கிட்டே போனார்கள்.

கூடத்தின் தலைவர் அமிர்தநாதன், படப்பையில் வீடு, எதையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார். உள்ளே எட்டிப் பார்த்தவர் கையை முன்னால் எடுத்தார். மீட்டர்களுக்கு மேலே வெயில் மறைக்கக் குடைபோல வளைந்த பிளாஸ்டிக். அதன்மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு.

"தலை தட்டியிருக்கு" என்றார்.

டம்மியின் நெற்றியில் அதே நகம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. பொருத்தமோ பொருத்தம். டம்மியின் தலைக்குள் ஓர் உணரி உண்டு. தட்டியிருந்தால் அது சொல்லும். ஆனால் மோதலின் நடுவிலேயே அதன் கம்பி எங்கோ மாட்டி அறுந்துபோயிருந்தது. தலை ஏர்பேக்குக்குள் புதைகிற நேரம்வரை வரைபடத்தில் கோடு ஓடி, பிறகு ஒன்றுமில்லை.

"வீடியோல பாரும்மா. பாத்துட்டுச் சொல்லு. சாயங்காலம் கார் கம்பெனிக்கு ரிப்போர்ட் போகணும். அவங்களுக்கு ஏர்பேக்கையே மாத்தணும்னா மாத்தட்டும். நாம பாத்ததத்தான் சொல்லணும்" என்றார் அமிர்தநாதன் சுகப்பிரியாவிடம்.

சுகப்பிரியா பார்த்தாள். பக்கவாட்டுக் கேமராவில், தலை நிலவை நோக்கிச் சாய்ந்தது. ஏர்பேக் ஒருபக்கமாக உப்பிச் சரிந்து, தலை இருக்கும் இடத்தைக் கணக்கிடக் காதோரம் ஒட்டியிருந்த கறுப்பு-மஞ்சள் ஸ்டிக்கரை மறைத்தது. கொஞ்ச நேரம் தலையே தெரியவில்லை. பிறகு பின்வாங்கி வந்தது. மறைந்திருந்தபோது அது எவ்வளவு தூரம் போனது என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் வழவழவென்று, அழகாக, ஒன்றும் சொல்லாமல் ஓடியது.

மத்தியானம் கேன்டீனில் பாண்டிச்செல்வி சாம்பார் சாதத்தை விரலால் கோலமிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, சாப்பிடாம?" என்றாள் சுகப்பிரியா.

"ஏளா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக்கூடாது."

"சொல்லு."

"செவப்பு டப்பா காலி. ஆர்டர் போட்டு வரவே இல்ல. சார்கிட்ட போன வாரமே சொல்லிருக்கணும், மறந்துட்டேன். இன்னைக்குக் காலைல டப்பாவத் தொறந்தா சுரண்டக்கூட இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பலராமண்ணன் கற்பூரத் தட்டுல குங்குமம் இருந்துச்சு. தேங்காண்ணெய ஊத்திக் குழைச்சுப் பூசிட்டேன்."

சுகப்பிரியா வாயில் வைத்த அப்பளம் அப்படியே நின்றது. "மாப்பிள்ளைக்குக் குங்குமமா?"

"நல்லாத்தான் ஒட்டுச்சு! நான் தேச்சுப் பாத்தேன். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம்ட்டி இது. டப்பாவுக்குப் பதில் குங்குமம்னு தெரிஞ்சா என்னிய கேட்டோட விட்டுருவாங்க."

சுகப்பிரியாவுக்கு உடனே தோன்றியது இதுதான்: அந்த மெழுகுப்பூச்சு உதிராது, தொட்டால்தான் ஒட்டும். குங்குமம் அப்படியில்லை. அந்த விளக்கு வெக்கையில் எண்ணெய் உள்ளிறங்கிக் காய்ந்தால் உதிரும். உதிர்ந்தால் பறக்கும். டாஷ்போர்டில் இருப்பது தட்டிய தடமா, பறந்துபோய் விழுந்த பொடியா?

சோற்றை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். பாண்டிச்செல்வியும் பின்னால் வந்தாள். நிதானத்தைத் திறந்து, தலை சாய்கிற அந்தத் துண்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். நெற்றி தெளிவாகத் தெரிந்தது. பையின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. நடுவில் காற்று சுத்தமாக இருந்தது. ஒரு தூசிகூட இல்லை.

"பறக்கல" என்றாள் சுகப்பிரியா.

பாண்டிச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் நிம்மதியும் வருத்தமும் மாறி மாறி வந்தன. "அப்போ தலதான் தட்டிருக்கு. என் குங்குமத்துல ஒண்ணுமில்ல. நான் சொல்லவே வேண்டாம்லா?"

சுகப்பிரியா அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டாள். சொல்ல வேண்டாம்தான். எல்லாம் அததன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது: தடம், பெயர்ந்த நெற்றி, சுத்தமான காற்று. பாண்டிச்செல்வியின் வேலையும் பிழைத்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டு, ஷெட்டின் தகரக் கூரை ஒரே சீராக இரைந்தது. அந்த இரைச்சலில் திரையில் மாப்பிள்ளை திரும்பத் திரும்ப நிலவில் முகம் வைத்தான். அவளுக்குக் கண் செருகியது. கனவுக்குள் நின்று பார்ப்பதுபோல இருந்தது. ஒரு குறையும் இல்லாத கனவு.

குறையே இல்லாதது எப்படி இருக்கும்? மோதியது கார். கண்ணாடி உடைந்தது. ஏர்பேக் வெடித்தபோது மாவு பறந்ததை அவளே கண்ணால் பார்த்தாள், மூக்கில்கூட ஏறியது. திரையில் அந்த மாவு எங்கே?

அப்போதுதான் ஜெர்சி நினைவுக்கு வந்தாள். சில வாரங்களுக்கு முன் மார்த்தாண்டத்திலிருந்து வந்த செய்தி; நிதானத்தில் குறை கண்டால் எழுதுங்கள் என்று வைத்திருந்த பக்கத்தில் இருந்தது. சுகப்பிரியா அதைத் தேடித் திறந்தாள்.

"அக்கா, உங்க நிதானத்துல தேனீ நல்லா தெரியுது, செறகும் தெரியுது. ஆனா அது பூவுல இருந்து எழும்பும்போது சிதறுகிற பூந்தூள் மட்டும் காணல்ல. செல்போன்ல அப்படியே பாத்தா இருக்கு. உங்க நிதானம் பூந்தூள தின்னுதா?"

கீழே சுகப்பிரியாவின் பதில் இருந்தது. "அது தூள் இல்லை, கேமராவின் இரைச்சல். கவலைப்பட வேண்டாம்."

அவள் அந்தப் பதிலைப் படித்தபோது காது மடல் சூடானது.

மூன்று படங்களைக் கேட்டு, தனித்து நிற்பதைத் தள்ளிவிடும் மெருகு. மிளகு அளவு ஒரு துணுக்கு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே தன் உடம்பைவிட அதிக தூரம் பறந்துவிடுகிறது. ஆகவே எந்தப் புள்ளியிலும் அது ஒரே ஒரு படத்தில்தான் இருக்கும். முன்படம் "இங்கே ஒன்றுமில்லை" என்கிறது. பின்படமும் அதையே சொல்கிறது. இரண்டுக்கு ஒன்று. துணுக்கு தோற்றுப்போகிறது, ஒவ்வொரு படத்திலும், ஒவ்வொரு இடத்திலும். பெரிதாக இருப்பது தெரியும். மெதுவாகப் போவது தெரியும். சின்னதாகவும் வேகமாகவும் போவது மட்டும் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும்.

"ஏளா, என்ன பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"பூந்தூளத் தின்னது நான்தான்" என்றாள் சுகப்பிரியா.

நிரலின் மூல வரிகளைத் திறந்தாள். மூடிவைக்காத இயந்திரம் அல்லவா, அந்தப் பல்சக்கரத்தை எடுத்துக் கீழே வைக்க அதிக நேரம் ஆகவில்லை. மீண்டும் ஓட்டினாள்.

திரை கரகரத்தது. பட்டு போய், சொரசொரவென்ற கோணித்துணி வந்தது. பொட்டுகள் மின்னின, அணைந்தன. ஆனால் அந்தப் பொட்டுகளுக்கு நடுவே ஏர்பேக் மாவு எழுந்தது, மார்கழிப் பனி மாதிரி. கண்ணாடித் தூசி ஓடியது. மாப்பிள்ளையின் தலை பையைத் தொட்டு வேகம் குறைந்த அந்தக் கணத்தில், நெற்றியிலிருந்து ஒரு சிவப்புத் துணுக்கு கழன்றது.

தலை நிற்கத் தொடங்கியது. துணுக்கு நிற்கவில்லை.

தலையைப் பை பிடித்துக்கொண்டது. உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. குங்குமத்தைப் பிடிக்க யாரும் இல்லை. கார் மோதுவதற்கு முன் எந்த வேகத்தில் போனதோ அதே வேகத்தை மறக்காமல், அது தன்பாட்டுக்கு முன்னால் போனது. பின்னால் கடுகு கடுகாக இன்னும் சில. வெள்ளைப் பையின் உச்சிக்கு மேலே, சிவப்பாக ஒரு சின்ன ஊர்வலம். பையைத் தாண்டி, மீட்டர் குடை இருக்கும் பக்கம் இறங்கி மறைந்தது. அப்போதும் காதோர ஸ்டிக்கர் தெரிந்துகொண்டுதான் இருந்தது, குடையிலிருந்து ஒரு சாணுக்கும் அதிகமான தூரத்தில்.

இவ்வளவு அழகான ஒன்றைச் சுகப்பிரியா அந்தத் திரையில் பார்த்ததில்லை.

"தட்டல" என்றாள் கடைசியில்.

"பறந்திருக்கு" என்றாள் பாண்டிச்செல்வி. பிறகு மெதுவாக, "அப்போ நான் சொல்லியாகணும்" என்றாள்.

"நான் எதுவும் சொல்லப் போறதில்ல. துணுக்கக் காட்டுவேன். அது என்னன்னு சார் கேட்பாரு."

"கேட்டா?"

"நீ இருப்பியா, மாட்டியா?"

பாண்டிச்செல்வி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் சிவப்பு இருந்தது. "சொல்லலன்னா நல்ல ஏர்பேக்கக் கழட்டி வேற மாத்துவாங்க. அது எப்படி இருக்குமோ. எங்க அண்ணனே கார் வாங்கணும் வாங்கணும்னு நிக்கான்." எழுந்தாள். துப்பட்டாவில் விரலைத் துடைக்கப் போனவள், துடைக்காமல் விட்டாள். "வா. நீ முன்னால போகாத. நான் முன்னால போறேன்."

அமிர்தநாதனின் அறையில் பலராமன் டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள். டப்பா, கற்பூரத் தட்டு, தேங்காய் எண்ணெய், எல்லாம், மூச்சு விடாமல்.

"என் தட்டுல கை வெச்சது நீதானா? நான் காக்கா தூக்கிக்கினு போச்சுன்னு நெனச்சேன்" என்றார் பலராமன்.

"பலராமன், கொஞ்சம் இருங்க." அமிர்தநாதன் சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுகப்பிரியாவின் திரைமுன் வந்து நின்றார். துணுக்கு பறப்பதைப் பார்த்தார். திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "இது குடையில விழுந்தது சரி. அதுக்கப்புறம் தலை மறைஞ்சிருந்த நேரத்துல, தலையும் போய் அங்க தட்டலன்னு எப்படிச் சொல்றது?"

சுகப்பிரியாவிடம் அதற்குப் படம் இல்லை. "படத்துல தெரியல சார்" என்றாள்.

பாண்டிச்செல்விதான் ஷெட்டை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அவள் காருக்குள் குனிந்து, குடையின்மேல் இருந்த சிவப்பை வாயால் லேசாக ஊதினாள். பாதி பறந்துபோனது. "அமுக்கியிருந்தா அப்பிருக்கும் சார். ஊதினா போகாது. நெத்தி அமுங்குனது இங்க." தொங்கிக்கொண்டிருந்த ஏர்பேக்கைப் பிரித்துக் காட்டினாள். எண்ணெயும் சிவப்புமாக, நெற்றியின் முழு வளைவும் முத்திரை குத்தினாற்போல அதில் இருந்தது. இரண்டு புருவத்துக்கும் மேலே நகம் அளவுக்கு மட்டும் வெள்ளை. கழன்றுபோன துணுக்கின் இடம்.

அமிர்தநாதன் அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தார்.

"ரிப்போர்ட்ல தலை தட்டலன்னு எழுதுறேன். பூச்சுக்குப் பதில் குங்குமம் போட்டதையும் எழுதுறேன். அவங்க ஒத்துக்கலன்னா இன்னொரு கார் அனுப்பட்டும். உன் கான்ட்ராக்ட் விஷயம் எச்ஆர் கேட்பாங்க. நீயா வந்து சொன்னன்னு நான் சொல்வேன். அதுக்கு மேல என் கையில இல்ல." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "சிவப்பு டப்பா வர்ற வரைக்கும் நீ மாப்பிள்ளையத் தொடக்கூடாது. கண்ணாடி பொறுக்கு."

"சரி சார்."

"எவ்ளோ நல்ல மாப்ள" என்றார் பலராமன், டம்மியின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே. "பொட்டு வெச்சதுக்கே பொண்ணு வூட்ல சஸ்பெண்டு."

பாண்டிச்செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் நகக்கண் சிவப்பு அவள் இமையோரம் ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி மணிகளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

சுகப்பிரியா தன் நாற்காலிக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. ஷிப்ட் பஸ்கள் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மெருகைத் திரும்பப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். போடவில்லை. வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு பொத்தானாக அதை ஓர் ஓரத்தில் வைத்தாள். அதை அழுத்தினால் 'சின்ன விஷயங்கள் மறையும்' என்று தமிழிலேயே எழுதினாள். புதிய நிதானத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, ஜெர்சிக்கு எழுதினாள்.

"நீங்கள் சொன்னது சரி. தின்றது நான்தான். இப்போது பாருங்கள்."

பதில் வர அதிக நேரமாகவில்லை. எழுத்து எதுவும் இல்லை, ஒரு சின்ன வீடியோ மட்டும். சுகப்பிரியா அதை நிதானத்தில் திறந்தாள். கரகரத்த திரையில் ஒரு மஞ்சள் பூ. அதிலிருந்து ஒரு தேனீ, முழுக்க நனைந்த சிறகோடு எழுவதுபோல மெல்ல எழுந்தது. அதன் கால்களிலிருந்து பூந்தூள் கழன்று, தேனீ போன பக்கம் போகாமல், தான் போய்க்கொண்டிருந்த பக்கமே போனது.